டூட்டி சார்ட் நியாயமாக இருந்தால் வார்டு சுத்தமாக இருக்கும்

மருத்துவமனை ஹவுஸ்கீப்பிங்கில் புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "இவங்ககிட்ட எப்படிக்கா வேலை வாங்குறது?"

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மாப் பிடித்துப் பழகி, அதன்பிறகு சூப்பர்வைசர் ஆனவள். அந்த உரிமையில் சொல்கிறேன். வேலை வாங்குவது இரண்டாவது சங்கதி. வேலையைப் பிரிப்பதுதான் முதல் சங்கதி. யாருக்கு எந்த இடம், அதற்கு எவ்வளவு நேரம், கையில் என்ன சாமான், யாருக்கு எந்த நாள் ஓய்வு என்பதை ஒழுங்காகப் பிரித்து எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டிவிட்டால், அதட்டி வேலை வாங்க வேண்டிய தேவை தானாகக் குறையும். பிரித்ததில் ஓரவஞ்சனை இருந்தால் எவ்வளவு கத்தினாலும் கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கத்தான் செய்யும்.

இது ஏதோ தரை பளபளப்பாக இருக்க வேண்டும் என்பதற்கான பேச்சு இல்லை. 1854இல் கிரிமியப் போரின்போது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே போர்க்காயத்தால் இறந்தவர்களைவிட காலரா, டைபஸ், சீதபேதி என்று நோய் தொற்றி இறந்த சிப்பாய்கள்தான் அதிகம். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855 மார்ச்சில் ஒரு சுகாதாரக் குழு வந்து சாக்கடையைக் கழுவிவிட்டு, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகு சாவு வேகமாகக் குறைந்தது. விளக்கேந்திய அம்மையாரை எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாக்கடையை அள்ளியவர்களின் பெயரை நாம் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. அப்படிப்பட்டவர்களை வைத்து வேலை பார்க்கிற பொறுப்பு நம்முடையது. அந்த நினைப்போடுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

முதலில் கட்டடத்தைச் சுற்றுங்கள்

பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு சார்ட் போட உட்காராதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து பார்க்கிங் வரை நடந்து பாருங்கள். எத்தனை அறை, எத்தனை பாத்ரூம், எத்தனை வாஷ்பேசின், எத்தனை படிக்கட்டு, எத்தனை குப்பைக் கூடை என்று எழுதுங்கள். பல மருத்துவமனைகளில் இந்தக் கணக்கு யாரிடமும் முழுதாக இருப்பதில்லை. எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருக்கிற ஒரு கழிப்பறை யார் பட்டியலிலும் இல்லாமல் போவது இப்படித்தான்.

பிறகு இடங்களை மூன்றாகப் பிரியுங்கள். ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர், பிரசவ அறை, டயாலிசிஸ், அவசர சிகிச்சைப் பிரிவு, தனிமை அறை ஆகியவை தொற்று அபாயம் அதிகமுள்ள இடங்கள். வார்டுகள், லேப், புறநோயாளிப் பிரிவு நடுத்தரம். அலுவலகம், கூட்ட அறை, ஸ்டோர் போன்றவை அபாயம் குறைந்தவை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைக்க வேண்டும், எந்த மருந்து போட வேண்டும், எவ்வளவு பழக்கமுள்ள ஆளை அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பிரிவைப் பொறுத்தது. புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரமே டயாலிசிஸுக்கு அனுப்புவது அவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து.

அடுத்து நேரக் கணக்கு. இதை மேஜையில் உட்கார்ந்து போட முடியாது. ஒரு பாத்ரூமை ஒருவர் முறையாகக் கழுவும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பீங்கானில் கிளீனரை ஊற்றி ஊற விட வேண்டும். அது ஊறுவதற்குள் கண்ணாடி, குழாய், கதவுக் கைப்பிடி, சுவிட்ச் ஆகியவற்றைத் துடைக்க வேண்டும். அப்புறம் பீங்கான், கடைசியாகத் தரை. வைப்பரால் தண்ணீரை இழுத்து, ஈரம் காய்கிற மாதிரி விட வேண்டும். வயதான நோயாளி வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். இவ்வளவையும் செய்தால் ஒரு பாத்ரூமுக்கு எங்கள் கணக்கில் கால் மணி நேரத்துக்குக் குறையாது. அதே கால் மணி நேரத்தில் ஒரு நீளமான வராந்தாவைத் துடைத்துவிடலாம். ஆகவே "ஆளுக்கு நாலு அறை" என்று பிரிப்பது நியாயம் மாதிரித் தெரியும், ஆனால் நியாயம் கிடையாது. நாலு அறையில் நாலு அட்டாச்டு பாத்ரூம் உள்ளவருக்கும், பொது வார்டில் நாலு தடுப்பு உள்ளவருக்கும் வேலை ஒன்றாகாது. அறையை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள்.

டிஸ்சார்ஜ் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்பார். இன்ஷூரன்ஸ் அனுமதி வந்து பில் போட்டு முடிய மதியம் தாண்டிவிடும். ஆகவே மதியத்திலிருந்து மாலைக்குள் கட்டில்கள் வரிசையாகக் காலியாகும். கீழே அட்மிஷனுக்கு ஆள் காத்திருப்பார்கள். "சீக்கிரம் சீக்கிரம்" என்று வார்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். மருத்துவமனையில் அரைகுறையாகத் துடைக்கப்படும் கட்டில்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அந்த நேரத்துக்கென்று இரண்டு பேரைத் தனியாகப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஆள் கணக்கு

நிர்வாகத்திடம் ஆள் கேட்கப் போகும்போது அழுது பிரயோஜனம் இல்லை, கணக்கு வேண்டும். ஐ.சி.யூ.வில் எந்த நேரமும் ஒருவர் இருக்க வேண்டும் என்று வையுங்கள். மூன்று ஷிஃப்ட், எனவே மூன்று பேர் போதும் என்று நினைப்பார்கள். வாரத்துக்கு 7 நாள், நாளைக்கு 3 ஷிஃப்ட் என்றால் 21 ஷிஃப்ட். ஒருவர் வாரத்தில் 6 நாள்தான் வேலை பார்க்க முடியும். 21ஐ 6ஆல் வகுத்தால் மூன்றரை ஆள். காய்ச்சல், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வருகிற லீவையும் சேர்த்தால் நாலு பேர் வேண்டும். இந்த நாலாவது ஆள் இல்லாத இடத்தில்தான் "இன்னைக்கு டபுள் டூட்டி பாருக்கா" என்ற கெஞ்சல் தொடங்குகிறது. தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்த உடம்பு, மூன்றாவது நாள் ஊசியைக் கவனிக்காமல் குப்பைப் பையை அமுக்கும். ஆகவே நாலாவது ஆளைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. பாதுகாப்பு கேட்பதுதான்.

பஸ்ஸையும் கணக்கில் சேருங்கள். எங்களிடம் வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் திருமங்கலம், மேலூர், அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றான பிறகு தூரத்திலிருந்து வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். குறைந்த சம்பளக்காரருக்கு அந்தப் பஸ் காசு பெரிய மிச்சம். ஆனால் அந்தப் பஸ் வருகிற நேரத்துக்குத்தான் அவர்கள் வர முடியும். ஷிஃப்ட் தொடங்குகிற நேரம் பஸ் வந்து சேருகிற நேரத்துக்குக் கால் மணி முந்தி இருந்தால், அந்த அக்கா தினமும் லேட் என்றுதான் பதிவாகும். கால் மணி தள்ளி வைத்தால் அவரே உங்கள் டீமில் நேரம் தவறாதவர். இரவு ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கிராமத்துக்குப் பஸ் இருக்காது. அதற்கு வேன் ஏற்பாடு கேளுங்கள். வேன் கிடைக்கிற வரை பக்கத்தில் குடியிருப்பவர்களைப் போட்டு, அவர்களுக்கு அதற்கு ஈடாகப் பண்டிகை லீவில் முன்னுரிமை கொடுங்கள்.

பண்டிகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ், எங்கள் ஊரில் சித்திரைத் திருவிழா எல்லாவற்றுக்கும் மருத்துவமனை திறந்துதான் இருக்கும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று யாருக்குத்தான் வேலைக்கு வர மனசு வரும்? இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லோரையும் உட்கார வைத்து, "உங்களுக்கு எந்த ஒரு நாள் கண்டிப்பா வேணும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன வருடம் தீபாவளிக்கு வேலை பார்த்தவர் பெயர் இந்த வருடம் லீவில் முதலில் வரட்டும். எழுதி ஒட்டிய பிறகு மேலிடத்துச் சிபாரிசுக்காகக்கூட மாற்றாதீர்கள். ஒரு தடவை மாற்றினால் அடுத்த சார்ட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லார் பேரும் சுற்றி வர வேண்டும்

இனி நான் மனசாரச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

துப்புரவு வேலையில் ஒரு பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டே வருகிறது. சில பேருக்கு எப்போதும் பாத்ரூம், சில பேருக்கு எப்போதும் ஆபீஸ் ரூம். யாரும் வாய்விட்டுக் காரணம் சொல்ல மாட்டார்கள். கேட்டால் "அவங்களுக்குப் பழக்கம்" என்பார்கள். ஊரையும் தெருவையும் விசாரித்துவிட்டு வேலை போடுகிற பழக்கம்தான் அது. சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதியை சார்ட்டில் எழுதுவது இப்படித்தான்.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண் வந்து, "மேடம், பாத்ரூம் மட்டும் வேணாம். வீட்டுல தெரிஞ்சா வைவாங்க" என்றாள். அந்தப் பேச்சு எனக்கு ஆச்சரியமில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த மூத்த அக்கா சொன்னதுதான் மனசை அறுத்தது. "அவளுக்குப் போடாதீங்கம்மா. எனக்கே போட்ருங்க. எனக்குப் பழகிப்போச்சு."

"பழகிப்போச்சுங்கிறதுக்காக உங்களுக்கே போட முடியாதுக்கா. எல்லார் பேரும் சுத்தி வரும். நீங்க அவளுக்குக் கத்துக்குடுங்க" என்றேன்.

அந்த அக்கா கற்றுக்கொடுத்தார். எவ்வளவு கிளீனர் ஊற்ற வேண்டும், பிரஷை எந்தப் பக்கம் சாய்த்தால் மேலே தெறிக்காது, கிளவுஸை எப்படி உள்வெளியாக உருவ வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். அதுவரை கூட்டத்தில் பின்வரிசையில் நின்றவர், அதன்பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குகிறவர் ஆனார்.

எனவே என் விதி இது: பாத்ரூம் வாரம் ஒரு சுற்று எல்லோருக்கும் வரும், ஆண் பெண் வித்தியாசம் இல்லை. நல்ல இடமும் அப்படியே சுற்றி வரும். பிரசவ வார்டுக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் இனிப்பு கொடுப்பார்கள், சில குடும்பம் புடவையும் எடுத்துக் கொடுக்கும். யாரிடமும் கேட்டு வாங்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஆனால் அந்த மகிழ்ச்சியைப் பக்கத்திலிருந்து பார்க்கிற வாய்ப்பும் எல்லோருக்கும் வர வேண்டும். பிணவறைப் பக்கம் போகிற வேலையும் அப்படியே எல்லோருக்கும் வர வேண்டும்.

இன்னொரு விதியில் சுற்றே கிடையாது. செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் நம் ஆள் ஒருவர்கூட உள்ளே இறங்கக் கூடாது. "அஞ்சு நிமிஷ வேலை, ஐநூறு ரூபா தர்றோம்" என்று யார் சொன்னாலும் சரி. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை அப்படி இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுகளுக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் தொகை எவ்வளவாக இருந்தாலும் போன உயிர் போனதுதான். விஷவாயு இரண்டாவது மூச்சுக்கு நேரம் கொடுக்காது. லாரியும் இயந்திரமும் வருகிற வரை அந்தக் கழிப்பறையைப் பூட்டி வையுங்கள். யார் திட்டினாலும் திட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் என்ற பதவி அதற்கும் சேர்த்துத்தான்.

ஒரு கட்டில் எப்படிச் சுத்தமாகிறது

நல்ல டீம் எப்படி வேலை செய்யும் என்று கேட்டால், டிஸ்சார்ஜ் ஆன ஒரு கட்டிலைத்தான் காட்டுவேன்.

முதலில் விரிப்பு. உதறக் கூடாது, உதறினால் கிருமி அறை முழுக்கப் பறக்கும். நாலு மூலையையும் நடுவில் கூட்டி, உள்பக்கமாகச் சுருட்டி, நேராக லாண்டரிப் பையில் போட வேண்டும். சுருட்டும் முன் ஒரு பார்வை: ஊசி, மோதிரம், பல் செட் எதுவும் சிக்கியிருக்கக் கூடாது. அடுத்து குப்பை. அப்புறம் துடைப்பது. மேலிருந்து கீழே, சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு. குளுக்கோஸ் ஸ்டாண்டின் கொக்கி, கட்டிலின் பக்கக் கம்பி, நர்ஸைக் கூப்பிடும் பட்டன், சுவிட்ச், லாக்கர் கைப்பிடி, மெத்தையின் இரண்டு பக்கமும், கட்டில் சக்கரமும். கை அதிகம் படுகிற இடத்தில்தான் கிருமியும் அதிகம். போட்ட மருந்து சொன்ன நேரம் வரை ஈரமாக இருக்க வேண்டும். உடனே காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் மருந்து போட்டும் வீண். கடைசியாகத் தரை. வார்டுக்குள் விளக்குமாறு வேண்டாம், தூசி பறக்கும். சுவரோரத்தில் தொடங்கி எட்டுப் போட்டபடி வாசலை நோக்கிப் பின்னால் வர வேண்டும்.

ஒரு கட்டிலுக்குத் துடைத்த துணி அடுத்த கட்டிலுக்குப் போகக் கூடாது. பாத்ரூம் மாப் வார்டுக்குள் நுழையக் கூடாது. இதற்காகத்தான் மாப்புக்கும் பக்கெட்டுக்கும் நிறம் பிரிக்கிறோம். படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். மாப் துணியைத் தினமும் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். மதுரை வெயில் இதற்கு நன்றாகவே உதவும். ஈரமாக மூலையில் சாத்தி வைத்த மாப் மறுநாள் கிருமியைத்தான் பரப்பும்.

ஹைப்போவும் நாலு நிறமும்

சோடியம் ஹைப்போகுளோரைட்டை நாங்கள் ஹைப்போ என்போம். கேனில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், 1 லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணீர் கலந்தால் 1 சதவீதக் கரைசல். 10 சதவீதக் கேன் என்றால் 1 லிட்டருக்கு 9 லிட்டர். "ஒரு மூடி ஊத்து, வாசம் வந்தாப் போதும்" என்கிற அளவு வேண்டாம். ஒவ்வொரு மாடியிலும் கோடு போட்ட ஜக் இருக்கட்டும், கேனின் மேல் தமிழில் அளவு எழுதி ஒட்டுங்கள். வெளிச்சத்திலும் சூட்டிலும் ஹைப்போ வீரியம் இழக்கும். ஆகவே அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும்.

ரத்தம் சிந்தினால் கிளவுஸ் போட்டு, மேலே பஞ்சோ பேப்பரோ போட்டு மூடி, 1 சதவீத ஹைப்போவை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டு, அப்புறம் அள்ளுங்கள். மூத்திரம் சிந்திய இடத்தில் ஹைப்போவை நேராக ஊற்றாதீர்கள், மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். ஆசிடோடு ஹைப்போ சேரவே கூடாது, அதில் வருவது குளோரின் வாயு. "ரெண்டையும் கலந்தா நல்லா வெளுக்கும்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே எல்லோரையும் கூட்டி வைத்து விளக்குங்கள்.

குப்பைக்கு 2016ஆம் ஆண்டு விதிகள் நாலு நிறம் வகுத்திருக்கின்றன. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, உடல் திசு, காலாவதி மருந்து மஞ்சள் பையில். டியூப், ஐ.வி. செட், ஊசி கழற்றிய சிரிஞ்ச், கிளவுஸ் சிவப்புப் பையில். ஊசி, பிளேடு போன்ற கூரானவை குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில். மருந்துக் கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். முக்கால் பங்கு நிறைந்ததும் கட்டிவிட வேண்டும், கையால் அமுக்கக் கூடாது, 48 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது.

நிறம் மாற்றிப் போடுவது பெரும்பாலும் நம் ஆட்களாக இருக்காது. சிகிச்சை கொடுக்கிறவர் அவசரத்தில் சிவப்புப் பையில் போட்ட ஊசி, பையைக் கட்டுகிற அக்காவின் உள்ளங்கையில் ஏறும். அப்படி நடந்தால் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. "சொன்னா திட்டுவாங்க" என்று ஒருவர் மறைத்தால் அந்த நேரம் கைநழுவிப் போகும். ஊசி குத்தியதைச் சொன்னவரை ஒரு சொல் கடிந்து பேசக் கூடாது என்பது என் டீமில் எழுதாத சட்டம். மஞ்சள்காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசி இவர்களுக்குப் போட வேண்டியது விதிப்படியே மருத்துவமனையின் கடமை. மஞ்சள்காமாலை பி ஊசி மூன்று தவணை. முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. கடைசித் தவணைதான் அடிக்கடி விட்டுப்போகும். அந்தத் தேதியையும் சார்ட்டிலேயே எழுதுங்கள்.

ரவுண்ட்ஸ் போகும்போது

நடு ஹாலைப் பார்த்து "சூப்பர்" என்று சொல்லிவிட்டு வருவது மேற்பார்வை ஆகாது. குனிந்து பார்க்க வேண்டும். கட்டிலுக்கு அடி, கதவுக்குப் பின்னால், வாஷ்பேசினின் அடிப்பாகம், எக்ஸாஸ்ட் ஃபேன். பாத்ரூம் கதவில் தொங்குகிற செக்லிஸ்டில் காலையிலேயே சாயங்காலம் வரை டிக் போட்டிருந்தால், ஆளைத் திட்டும் முன் அந்தத் தாளைப் பாருங்கள். இருபது கட்டம் இருந்தால் யாரும் படித்துப் பார்த்து டிக் போட மாட்டார்கள். ஐந்தாகக் குறையுங்கள், உண்மை வரும்.

எங்களிடம் புற ஊதா டார்ச்சில் மட்டும் தெரிகிற மார்க்கர் ஒன்று உண்டு. துடைக்கும் முன் கட்டில் கம்பியிலும் சுவிட்சிலும் ஒரு புள்ளி வைப்போம். துடைத்து முடித்ததும் டார்ச் அடித்தால், விட்டுப்போன புள்ளி பளிச்சென்று தெரியும். அந்த டார்ச்சை நான் பிடிப்பதில்லை. துடைத்தவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். "அடடா, இந்தப் பக்கம் விட்டுப்போச்சு மேடம்" என்று அவரே சொல்லும்போது நான் பேச ஒன்றும் இருக்காது.

ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் நின்று பேச வேண்டும். எந்த அறையில் தொற்று நோயாளி, எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த சாமான் தீர்ந்தது என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்ல வேண்டும். வார்டில் குறை இருந்தால் நர்ஸ் இன்சார்ஜ் என்னிடம் சொல்லட்டும், அந்த அக்காவை நோயாளி முன்னால் நிறுத்திச் சத்தம் போட வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். "டீ வாங்கிட்டு வா, பில் கட்டிட்டு வா" என்று அனுப்புவதும் கிடையாது. ஐ.சி.யூ.வில் துடைத்துக்கொண்டிருப்பவர் டீக்கடைக்குப் போனால் துடைக்கிற வேலை நின்றுபோகும். இதை நம் ஆட்கள் வாய்திறந்து சொல்ல முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

சம்பளச் சீட்டும் சாப்பாட்டு இடமும்

பெரும்பாலோர் காண்ட்ராக்ட் கம்பெனி மூலம் வருகிறவர்கள். சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் என் வேலை என்றே நினைக்கிறேன். பி.எஃப். 12 சதவீதம் பிடித்தால் நிர்வாகமும் தன் பங்கைக் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு; தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்று செல்போனிலேயே பார்க்கலாம். மாதம் ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். இ.எஸ்.ஐ.யில் உடம்பு முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை கிடைக்கும், பிரசவத்துக்கு 26 வாரம் உண்டு என்பதே பல பேருக்குத் தெரியாது.

அவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடமும், புடவை மாற்ற ஒரு அறையும், அவர்களுக்கென்று ஒரு கழிப்பறையும் இருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுக்கப் பிறர் கழிப்பறையைக் கழுவுகிறவர் தன் அவசரத்துக்கு மாடி மாடியாக அலைவது எந்த மருத்துவமனைக்கும் பெருமை இல்லை. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்க வைத்துவிட்டு, அவரிடம் சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்க நமக்கு வாய் வராது.

மருத்துவமனைக்கு வருகிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஈரத் தரை என்று மஞ்சள் பலகை வைத்திருந்தால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். வெற்றிலை எச்சிலைப் படிக்கட்டு மூலையில் துப்பாதீர்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், அந்த ஊசியைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். துடைக்கிறவரை "ஏய்" என்று கூப்பிடாமல் பெயரைக் கேட்டுக் கூப்பிடுங்கள்.

சூப்பர்வைசராக இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கடந்த மாத சார்ட்டை இன்றைக்கே எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக எத்தனை தடவை பாத்ரூம், எத்தனை இரவு, எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை சமமாக இல்லையென்றால், காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் வருகிற திங்கட்கிழமை முதல் மாற்றிவிடுங்கள்.